நிக்கல்ஸன் துரை சரித்திரமும் நம் கரையின் சட்டங்களும்

நன்றியறிதல் நல்லோர் இயல்பு. ஆராய்ந்து நன்றி பாராட்டுதல் அறிவுடையோர் இயல்பு. இவ்விரண்டும் ஒருங்கமையாதவிடத்துப் புகழ்ச்சி வெறும் முகமனாகவும் இகழ்ச்சி வெறும் பகையாகவும் முடியும். நம் சங்கத்தின் மாதவெளியீட்டில் இதுகாறும் பெரும்பாலும் நம் குலத்துப் பெரியார் வரலாறுகளே வெளிவந்துள்ளன. இம்மாதம், அயல்நாட்டிற் பிறந்து நம்மை ஆண்டவர் கூட்டத்தில் ஓர் உத்தியோகஸ்தராய் இருந்த ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுகின்றேன். வெள்ளைக்காரர் சரித்திரம் மீனவர் பத்திரிகைக்கு எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. இதனை முற்றும் படித்தபின் அதற்குரிய விடையை வாசகர்களே தமக்குள் கூறிக்கொள்வார்களாக.

கூட்டுறவுச் சங்கத்திற் பங்கு வைத்திருப்போரும், மீன்துறைக் காரியாலயத்தின் படிகளில் ஏறி இறங்குவோரும் நம்மில் அநேகர். கோவளம் முதல் திருவான்மியூர் ஈறாகவுள்ள குப்பங்களில் வாழ்வோர்க்கும், அங்கிருந்து தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய இடங்களிற் குடியேறி உத்தியோகம் பார்ப்போர்க்கும் இவ்விரண்டும் பழகிய பெயர்களே. ஆயினும் இவ்விரு மரங்களுக்கும் சென்னை இராஜதானியில் வித்திட்டவர் ஒருவரே என்பதை அறிந்தார் சிலர். அவரே சர் பிரெடெரிக் அகஸ்டஸ் நிக்கல்ஸன் என்பவர். அவர் 1846-ஆம் ஆண்டிற் பிறந்து, 1869-இல் சென்னை சிவில் உத்தியோகத்திற் சேர்ந்து, 1936-இல் மறைந்தவர்.

அவர் செய்ததன் அருமை விளங்கவேண்டுமாயின், அவர் வருமுன் நம் கரை இருந்த நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். கடலுக்குச் சட்டம் இல்லை என்று கரைக்கு அப்பாலுள்ளோர் எண்ணுவர். அது பிழை. எந்த வலையை எந்தக் காலத்தில் இடுவது, யார் முன் யார் பின் வளைப்பது, கரைவலை இழுத்தார்க்குப் பங்கு எவ்வளவு, கடலில் மாண்டவன் குடும்பத்திற்கு ஊர் செய்யவேண்டியது யாது என்பனவற்றைக் குப்பந்தோறும் பஞ்சாயத்தார் கூடி வகுத்து வந்தனர். எழுத்தில் இல்லாவிடினும் அக்கட்டளைகளை மீறினவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க இயலாது. அவை நம்மவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட கட்டு.

ஆங்கில அரசு கரையில் கால் ஊன்றியபின் வேறுவகைக் கட்டுக்கள் வந்தன. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத நாளில், அலை புரளும் திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் பொருளையும் கொண்டுபோனவை நம்மவர் மசூலாப் படகுகள். படகும் செல்லக்கூடாத கொந்தளிப்பில், தலையிற் கூம்புத் தொப்பி தரித்து, அதனுள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கட்டுமரத்திற் சென்று கப்பலிற் சேர்த்தவர்களும் நம்மவரே. ஆயினும் அப்படகுக்கும் கட்டுமரத்திற்கும் கூலி விதித்தவரும், பிழைக்குத் தண்டனை விதித்தவரும் கரையிலிருந்த அதிகாரிகளே. உயிரைப் பணயம் வைத்தவன் ஒருவன்; அதற்கு விலை குறித்தவன் மற்றொருவன்.

இரண்டாவது கட்டு உப்பு. 1805-இல் கும்பினியார் சென்னை இராஜதானியில் உப்பைத் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். மீனவனுக்கு உப்பு என்பது சோற்றுக்கு இடும் சிட்டிகையன்று. அவன் தொழிலிற் பாதி. பகலில் கரைசேர்ந்த மீன் மாலைக்குள் விலைபோகாவிடின் உப்பு ஒன்றே அதனைக் காப்பது. முன்னாளில் உவர்மண்ணை வாரி மீனுக்கிட்டுக் கருவாடு செய்தவர், பிற்காலத்தில் அம்மண்ணை வாரியதற்கே குற்றவாளி ஆயினர். வரி சுமந்த உப்பை விலைக்கு வாங்கி மீனுக்கிட்டால் மீனின் விலையை உப்பே விழுங்கும். உப்பிடாது உலர்த்தினால் மீன் கெடும். கெட்ட கருவாடு உண்டு நோயுற்றார் நோவும், அதனை விற்றாள் பெற்ற வசையும் சட்டப்புத்தகத்தில் ஏறவில்லை.

இந்தக் கொடுமையை முதலில் எடுத்துக்காட்டினோருள் டாக்டர் பிரான்ஸிஸ் டே என்னும் மருத்துவர் ஒருவர். இந்திய மீன்களைப்பற்றிப் பெருநூல் இயற்றியவரும் அவரே. அவருடைய விசாரணையை ஒட்டி 1870-களில் கரைநெடுகிலும் மீன் உப்பிடும் கிடங்குகள் ஏற்பட்டன. அங்கே வரியின்றிக் குறைந்த விலைக்கு உப்பு கிடைத்தது. ஆனால் அக்கிடங்கு வேலி சூழ்ந்தது. உப்பு இலாகாச் சேவகர் காவலில் உள்ளது. மீனை அங்கே கொண்டுசென்று, அங்கேயே உப்பிட்டு, அங்கேயே முடித்துப் புறப்படவேண்டும். ஒருபிடி உப்பும் வீட்டிற்கு வரலாகாது. கிடங்கினால் நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதனை நடத்தியவர் மீனைக் காக்க நின்றாரல்லர்; வரியைக் காக்க நின்றவர்.

மூன்றாவது, 1897-ஆம் ஆண்டின் நான்காவது சட்டமாகிய இந்திய மீன்வளச் சட்டம். வெடிவைத்து மீன் பிடித்தலையும், நீரில் நஞ்சோ சுண்ணாம்போ கலந்து மீனைக் கொல்லுதலையும் அது தடுத்தது. மீறினார்க்கு இரண்டு மாதம் வரை சிறை, அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம். கரையிலிருந்து மூன்று கடல்மைல் தூரம் வரையுள்ள கடலும் அதற்கு உட்பட்டது. ஏரி, ஆறு முதலியவற்றுள் குறித்த நீர்நிலைகளில் அணையடைப்பையும் வலைக்கண்ணின் அளவையும் விதிக்கவும், இரண்டாண்டு வரை மீன்பிடித்தலையே நிறுத்தவும் மாகாண அரசுக்கு அது அதிகாரம் கொடுத்தது. தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகளிலும் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் தொழில் செய்த நம் செம்படவச் சகோதரர்களும் இதன் நிழலில் வாழ்ந்தவரே. வெடியையும் நஞ்சையும் தடுத்தது நல்லதே. அதனை நம் பஞ்சாயத்தாரும் ஒப்புவர். ஆனால் மீனைக் காக்கும் விதி எழுதியவர், மீனவனைக் காக்கும் விதி ஒன்றும் அதில் எழுதினாரில்லை.

நான்காவது, துறைமுகச் சட்டம். 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டப்படி, துறையின் எல்லைக்குள் எக்கலம் எங்கே நிற்பது என்று கட்டளையிடத் துறைக்காவல் அதிகாரி ஒருவர் உளர். அரசார் இட்ட போயா என்னும் மிதவையையோ கடற்குறியையோ தகுந்த காரணமின்றி அசைத்தாலும் அவிழ்த்துவிட்டாலும் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை. மேலே கூறிய மீன்வளச் சட்டத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. வெடியிட்டு ஒரு துறையின் மீன் முழுவதையும் அழித்தவனுக்கு இருநூறு. கப்பலுக்கு வழிகாட்டும் மிதவை ஒன்றை அவிழ்த்தவனுக்கு இரண்டாயிரம். கப்பலின் உயிர்கள் அம்மிதவையை நம்பியிருத்தலின் அத்தண்டனையைப் பிழை என்று யான் கூறவில்லை. ஆயினும் அரசின் கண் எப்பக்கம் நோக்கியிருந்தது என்பதை அத்தொகைகளே அளந்து காட்டும்.

கலங்கரை விளக்கங்களும் அவ்வாறே கப்பலை நோக்கி எழுந்தன. 1796-இல் கோட்டைக்குள் ஒரு மாடத்தின் உச்சியிலும், 1844 முதல் கோட்டைக்கு வடக்கே கற்றூணிலும், 1894 முதல் உயர்நீதிமன்றக் கோபுரத்திலும் சென்னையின் விளக்கு எரிந்தது. தெற்கே மாமல்லபுரத்தில் 1887-இல் பல்லவர் கட்டிய கோயிலின் மேலேயே விளக்கை ஏற்றினர். பின்னரே அதன் அருகில் தனிக் கற்கோபுரம் எழுந்தது. பரங்கிமலையையும் கோயிற் கோபுரத்தையும் பனந்தோப்பையும் விண்மீனையும் குறிகொண்டு கரைசேர்ந்த நம் முன்னோர்க்கும் அவ்வொளி இருளில் உதவியதுண்டு. எனினும் அது நம்மை எண்ணி ஏற்றிய விளக்கன்று.

இந்நால்வகைச் சட்டங்களும் மீனவனை அறிந்த முறை ஒன்றே: செய்யத்தகாதது இது என்று கூறுவது. அவனுக்கு அரசு செய்யத்தக்கது யாது என்று வினவியவர் அரிதாயிருந்த காலத்தில், அவ்வினாவைத் தம் வாழ்நாட் பிற்பகுதியின் தொழிலாக ஏற்றுக்கொண்டவர் நிக்கல்ஸன் துரை.

அவர் முதலிற் கடலை நோக்கி வந்தவரல்லர். ஆக்ஸ்போர்டிற் கற்று இந்நாடு வந்து, பல ஜில்லாக்களில் பணி செய்தார். கோயம்புத்தூர் ஜில்லாவைப்பற்றி அவர் எழுதிய பெருநூல் 1887-இல் வெளிவந்தது. அவர் உத்தியோகத்திற் புகுந்த சில்லாண்டுகளில், 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பஞ்சத்தின் பின்னே கடன் வரும். கடனின் பின்னே நிலம் போகும். குடியானவனைக் கொல்வது மழையின்மை மட்டுமன்று, வட்டியும் என்பது அக்காலத்து அதிகாரிகள் பலர்க்கும் தெரிந்ததே. தெரிந்ததற்குப் பரிகாரம் தேடியவர் சிலரே. 1901-இல் அமைந்த பஞ்சக் கமிஷனிலும் நிக்கல்ஸன் ஓர் அங்கத்தினராய் இருந்தார்.

விவசாய பாங்குகள் இவ்விராஜதானியில் ஏற்படக்கூடுமா என்று ஆராயும்படி சென்னை அரசார் அவரை ஏவினர். அவர் ஐரோப்பிய நாடுகளின் பாங்கு முறைகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். ஜெர்மனி தேசத்தில் ரைபைசன் என்பவர் சிற்றூர்தோறும் ஏழைக் குடியானவரை ஒன்றுசேர்த்து, ஒருவர்க்கொருவர் பிணையாகி, குறைந்த வட்டிக்குக் கடன் பெறும் சங்கங்களை நாட்டியிருந்தார். அம்முறையே இந்நாட்டிற்கு ஏற்றது என்பது நிக்கல்ஸனின் முடிபு. வெளிநாட்டை மட்டும் பார்த்து அவர் முடிவு கூறவில்லை. மயிலாப்பூர் முதலிய இடங்களில் நம் நாட்டவரே நடத்திவந்த நிதிகளையும் கருத்துடன் ஆராய்ந்தார். சேமிக்கும் குணம் இந்நாட்டாரிடம் புதிதாகப் புகுத்தவேண்டியதன்று, உள்ளதை ஒழுங்குபடுத்தினால் போதும் என்பதற்கு அந்நிதிகள் சான்றாயின. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் இவ்விராஜதானியின் முதல் விவசாயக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று.

அறுபது வயதை அணுகிய ஓர் உத்தியோகஸ்தர், சர் பட்டமும் பெற்று, இனி மலைப்பிரதேசத்தில் இளைப்பாறலாம் என்று இருப்பதே உலகவழக்கு. இவரோ 1905-இல் மீன்தொழிலை ஆராயும் தனிப்பணியை ஏற்றார். 1907-இல் மீன்தொழிற் காரியாலயம் ஒன்று சென்னையில் அமைந்தபோது, அதன் கௌரவத் தலைவராய் அமர்ந்தார். நாட்டின் பஞ்சத்தைக் கண்டவர் கண்ணுக்குக் கடல் ஒரு விளைநிலமாகத் தோன்றியது. நிலத்திற் பயிர் பொய்த்த ஆண்டிலும் கடலில் மீன் உண்டு. அம்மீன் கெடாமல் உள்நாடு சேருமாயின் ஏழை மக்களின் உணவு பெருகும். அதைப் பிடிப்பவனும் பிழைப்பான். இதுவே அவர் கொண்ட கருத்தின் சாரம்.

முதற்கண் அவர் செய்தது கற்றல். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் ஒரு சோதனைச்சாலை வைத்து, மீனை எவ்வாறு சுத்தஞ்செய்து உப்பிட்டால் நெடுநாள் நிற்கும் என்று சோதித்தார். ஜப்பான் தேசம் சென்று அங்குள்ள மீன்தொழிலைப் பார்வையிட்டு, 1907-இல் அதுபற்றி அறிக்கை வெளியிட்டார். அக்காலத்து ஜப்பானும் நம்மைப்போலச் சிறுபடகுகளில் கடலோடும் எண்ணற்ற மீனவர் வாழ்ந்த நாடு. ஆனால் அங்கே 1901-ஆம் ஆண்டின் மீன்தொழிற் சட்டம், அந்தந்த ஊர் மீனவர் சங்கத்திற்குத் தன் கரையை ஒட்டிய கடலின்மேல் உரிமை கொடுத்தது. நம் நாட்டு 1897-ஆம் ஆண்டின் சட்டத்தையும் அதனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சட்டம் என்னும் ஒரே பெயர் எவ்வளவு வேறுபட்ட இரு பொருள்களைக் குறிக்கும் என்பது விளங்கும். ஒன்று தடுப்பது; மற்றொன்று கொடுப்பது. ஜப்பானைக் கண்டுவந்தவரும் அந்த உரிமையை நம் குப்பங்களுக்குப் பெற்றுத் தந்தாரில்லை என்பதையும் இவ்விடத்தே சொல்லி வைக்கின்றேன்.

பின்னர் அவருடைய வேலை பெரும்பாலும் மேற்குக் கரையில், தானூர் முதலிய இடங்களில் நடந்தது. மலையாளக் கரையில் மத்தி மீன் ஒரு பருவத்தில் கணக்கின்றி விழும். தின்னவும் விற்கவும் இயலாது மிகுந்ததை மணலிற் கொட்டி உலர்த்தி எருவாக விற்பர். அது அழுகி நாறும், விலையும் அற்பம். நிக்கல்ஸன், மீன் புதிதாய் இருக்கும்போதே கொப்பரையில் வேகவைத்துப் பிழிந்து எண்ணெயைத் தனியாகவும், எஞ்சிய பிண்ணாக்கை உலர்த்தி உயர்ந்த எருவாகவும் எடுக்கும் முறையை நாட்டினார். இதில் நாம் கருதவேண்டுவது, அவர் தேர்ந்தெடுத்த கருவியின் சிறுமை. பெருமுதலாளி ஒருவர் வைக்கும் பெரிய ஆலையை அவர் முன்மாதிரியாக வைக்கவில்லை. கொட்டகை ஒன்று, கொப்பரை சில, பிழியும் பொறி ஒன்று. முக்குவர் குடும்பங்கள் தாமே கூடிச் சிறுமுதலில் நடத்தத்தக்க அளவிலேயே அதனை அமைத்தார். சில ஆண்டுகளில் அக்கரையில் நூற்றுக்கணக்கான கொட்டகைகள் எழுந்தன. மீனைத் தகரப்பெட்டியில் அடைக்கும் தொழிலையும் அரசின் செலவிற் சோதித்துப் பார்த்தார்.

படகு விஷயத்திலும் அவர் கொள்கை இதுவே. நீராவியால் ஓடும் பெரிய இழுவைக் கப்பல்களை ஒரேயடியாகக் கொணர்ந்தால் மீன் மிகுதியாக விழும். ஆனால் கட்டுமரக்காரன் கரையில் நிற்பான். ஆதலின் மீனவனே தான் ஏறக்கூடிய படிகளை ஒவ்வொன்றாக ஏறவேண்டும். கட்டுமரத்திலிருந்து சற்றுப் பெரிய படகு, அதிலிருந்து அதனினும் பெரியது என்று தொழில் அவன் கையிலேயே வளரவேண்டும் என்பது அவர் எண்ணம். பிற்காலத்தில் இயந்திரப் படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் நம் கரையில் நேர்ந்த பூசல்களை அறிந்தோர்க்கு, அவ்வெண்ணத்தின் அருமை எடுத்துரைக்க வேண்டுவதின்று.

உப்புக் கிடங்குகளைப்பற்றியும் அவர் நோக்கு வேறாயிருந்தது. அவை வரிக்காவற் சாவடிகளாய் இராமல், மீனைச் செம்மையாய்ப் பதப்படுத்தக் கற்பிக்கும் தொழிற்சாலைகளாதல் வேண்டும் என்று அவர் கருதினார். உப்பு இலாகாவின் கையிலிருந்த அக்கிடங்குகள் மீன்துறையின் கைக்கு மாறியது 1924-ஆம் ஆண்டில்தான். அதற்கு ஆறாண்டுகளுக்குமுன், 1918-இல், அவர் பதவியினின்றும் நீங்கிவிட்டார். தாம் நட்ட மரத்தின் நிழலிற் பிறர் அமர்வதைக் காண்பதே பெரியோர்க்கு வாய்க்கும் பயன் போலும்.

அவர்க்குப்பின் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் சங்குகளையும் படகுகளையும் பற்றி நுட்பமாக எழுதிப் புகழ்பெற்றவர். பின்னர் நம் நாட்டவராகிய டாக்டர் சுந்தரராஜ் அப்பதவியை ஏற்றார். மலையாளக் கரையில் மீனவர் சிறுவர்க்கெனப் பள்ளிகளும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் மீன்துறையின் ஆதரவில் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 1909-இல் திறந்த மீன்காட்சிச்சாலையும் 1919 முதல் அத்துறையின் பார்வைக்கு வந்தது. நிக்கல்ஸன் குன்னூரில் தங்கித் தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, 1936-இல் காலஞ்சென்றார். கூட்டுறவுக்கு வழிகாட்டியவர், மீன்துறைக்குத் தந்தை என்னும் இரு பெயர்களும் அவர்க்கு நிலைத்தன.

இனி அவர் குறைகளையும் கூறுதல் வேண்டும். கூறாவிடின் இது சரித்திரமாகாது. முதலாவது, அவர் நம்மவரை அன்போடு நோக்கினாரேயன்றி மதிப்போடு நோக்கினார் என்று சொல்லுதற்கில்லை. மீனவர் அறியாமையும் ஐயுறவும் பழமைப்பற்றும் மிக்கவர் என்பதே அக்கால அதிகாரிகள் பலரைப்போல அவர்க்கும் இருந்த எண்ணம். அலையின் போக்கையும் நீரின் நிறத்தையும் காற்றின் வாசனையையும் கொண்டு மீனின் இருப்பை உணரும் கல்வி, பள்ளியிற் பெறாததாயினும் கல்வியன்றோ! பள்ளிக்கல்வியிலும் நம்மவர் பின்தங்கியோர் மட்டுமே அல்லர். சென்னை அயோத்திக்குப்பத்து மீனவர் குடும்பத்தில் 1860-இல் தோன்றி, சட்டம் கற்று, 1923-இல் இந்நாட்டின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையிற் கொண்டாடிய சிங்காரவேலர், நிக்கல்ஸன் வாழ்ந்த காலத்திலேயே வாழ்ந்தவர். நம்மைப்பற்றி ஆராய்ந்த காரியாலயம் நம்மவரைக் கலந்து நடந்திருக்குமாயின் இன்னும் நெடுந்தூரம் சென்றிருக்கும்.

இரண்டாவது, அவர் முயற்சியின் பெரும்பகுதி மேற்குக் கரைக்கே பயன்பட்டது. மத்தியும் அயிலையும் மிகுதியாக விழும் கரை அது. ஆதலின் காரணம் இல்லாமலில்லை. எனினும் கோவளம், முட்டுக்காடு, கானத்தூர், ஈஞ்சம்பாக்கம், நீலாங்கரை, கொட்டிவாக்கம் என்று நீளும் நம் கரைக்கு அவர் காலத்தில் வந்த நன்மை சிறிதே. இக்கரையில் அலையைத் தாண்டுவதே ஒரு போர். துறைமுகத்தின் சுவர் கடலுள் நீண்டபின், அதற்குத் தெற்கே மணல் மேடிட்டதும் வடக்கே இராயபுரப் பக்கம் கடல் நிலத்தை அரித்ததும் நம்மவர் குடிசைகளே அறிந்த செய்திகள்.

மூன்றாவது, அவருடைய கூட்டுறவுக் கொள்கை நிலமுடைய குடியானவரை நினைத்துப் பிறந்தது. நிலம் ஓரிடத்தில் நிற்கும். விளைவு பருவத்தில் வரும். மீனவனுக்கோ நிலமில்லை, இன்று நிறைய விழும், நாளை வலை வெறுமையாய் வரும். வலைக்கும் மரத்திற்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி, பிடித்த மீனைத் தான் சொன்ன விலைக்கே கொடுக்கவேண்டும் என்று கட்டி வைத்திருப்பான். இக்கட்டை அறுக்காமற் கடன்மட்டும் கொடுத்த சங்கங்கள் பல நிலைக்கவில்லை. கடனும் விற்பனையும் ஒரே சங்கத்தின் கையில் இருந்தாலன்றி மீனவன் மீளான் என்பது பின்வந்தோர் பட்டறிந்த பாடம்.

இக்குறைகளால் அவர் பெருமை அழிந்துபோகாது. சட்டம் என்றால் தடை என்று இருந்த கரையில், அரசு கற்றுக்கொடுக்கவும் கடன் கொடுக்கவும் கடமைப்பட்டது என்னும் எண்ணத்தை நாட்டினார். தொழில் மீனவன் கையைவிட்டுப் போகலாகாது என்றார். இவ்விரண்டையும் அவர் முழுதும் நிறைவேற்றவில்லை. ஆயினும் வழியைக் காட்டினார்.

அவர்க்குப்பின் காலம் பல மாற்றங்களைக் கண்டது. 1930-இல் வேதாரணியத்தில் உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. மறுவருட உடன்படிக்கையால், உப்பு விளையும் ஊர்களில் வாழ்வோர் தம் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ள இடம் கிடைத்தது. 1947-இல் உப்புவரியே ஒழிந்தது. 1983-இல் தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையை அடுத்த மூன்று கடல்மைலை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்க வழிசெய்தது. 1897-இல் எந்த மூன்று கடல்மைல் தண்டனையின் எல்லையாயிற்றோ, அதே மூன்று கடல்மைல் எண்பத்தாறு ஆண்டுகட்குப்பின் உரிமையின் எல்லையாயிற்று. 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்தை 2021-இலும், 1908-ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டத்தை 2025-இலும் புதுச்சட்டங்களால் மாற்றினர். எழுதினோர் மாறினர், ஆளுவோர் மாறினர். சட்டத்தைப் படித்தறியாதவன் சட்டத்தின்முன் நிற்கும் நிலை மட்டும் மாறவில்லை.

ஆசிரியத் தொழில் செய்யும் யான் இதனை நாடோறும் காண்கின்றேன். மீன் விழாத மாதங்களிலும், சித்திரை வைகாசியில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலத்திலும், கரையோரத்துப் பிள்ளைகள் வகுப்பில் குறைவர். கேட்டால் வீட்டில் பணமுடை என்பர். வட்டிக்கு வாங்கிய பணம் முதலில் உண்பது பிள்ளையின் படிப்பையே. நம் சங்கத்தார்க்கு யான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுவே: குப்பந்தோறும் கணக்குத் தெரிந்த இளைஞர் இருவரையேனும் தேர்ந்து, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை மாதந்தோறும் எல்லோர்க்கும் வாசித்துக் காட்டச் செய்க. மீன்பிடிச் சட்டத்தையும் துறைமுகச் சட்டத்தையும் எளிய தமிழிற் சுருக்கிப் பஞ்சாயத்தார் கையிற் கொடுக்க. மீன் விற்றுக் குடும்பம் தாங்கும் நம் தாய்மாரை அச்சங்கங்களிற் பங்காளராக்குக. இவற்றுக்கு அரசின் ஆணை வேண்டுவதில்லை; நம் ஒற்றுமையே போதும்.

அயல்நாட்டான் ஒருவன் தொண்ணூறாண்டு வாழ்வின் பிற்பகுதியை நம் தொழிலுக்குச் செலவிட்டான். அவன் நம்மை முழுதும் அறிந்திலன். எனினும் அறிய முயன்றான். நம்மை நாமே அறிந்த நாம் அம்முயற்சியிற் பாதியேனும் செய்வோமாயின், கரையின் விளக்கு கப்பலுக்கு மட்டுமன்றிக் கட்டுமரத்திற்கும் எரியும். கடல் அன்னை நம் குலத்தைக் காத்தருள்வாளாக!